வெள்ளிக்கிழமைக்குள் 25,000 கட்டச் சொல்கிறார்கள், கவுன்சிலிங் வரை காத்திருக்கலாமா?

சங்கரன்கோவில்_பிளஸ்டூ:

எல்லாருக்கும் வணக்கம். இந்த வருடம் பிளஸ் டூ முடித்தேன், இன்ஜினியரிங் கட் ஆஃப் 200-க்கு 171.5, எம்பிசி. அப்பா விசைத்தறிக் கூலி, அம்மா பீடி சுற்றுகிறார்கள், வருமானச் சான்றிதழில் வருடத்துக்கு 96,000 என்று இருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசு உதவி பெறும் பெண்கள் பள்ளியில் தமிழ் வழியில் படித்தேன். வீட்டில் யாரும் டிகிரி முடித்ததில்லை, அண்ணன் பி.காம் சேர்ந்து இரண்டாவது வருடம் நின்றுவிட்டு இப்போது திருப்பூரில் வேலை பார்க்கிறான்.

என் குழப்பம் இதுதான். ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் சிஎஸ்இ (கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்) தருகிறோம் என்கிறார்கள், பெயர் சொல்ல விரும்பவில்லை. டியூஷன் கட்டணம் வருடம் 2,40,000, என் மார்க்குக்குப் பாதி ஸ்காலர்ஷிப், ஹாஸ்டல் 1,30,000. அட்மிஷன் ஆபீசில் இருந்தவர் நான்கு வருடமும் ஸ்காலர்ஷிப் உண்டு என்று அப்பாவிடம் போனில் சொன்னார், ஆனால் இந்த வெள்ளிக்கிழமைக்குள் 25,000 கட்டினால்தான் சீட் நிற்குமாம். இன்னொரு பக்கம் தமிழ்நாடு அரசின் பொறியியல் கவுன்சிலிங். அதில் போன வருடப் பட்டியலைப் பார்த்தால் திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் ஈஈஈ (எலக்ட்ரிக்கல்) அல்லது சிவில் கிடைக்கலாம், சிஎஸ்இ கிடைக்காது. அங்கே கட்டணம் வருடத்துக்குச் சில ஆயிரம்தான், ஹாஸ்டல் சாப்பாடு டிவைடிங் சிஸ்டம் (ஆன செலவை எல்லாரும் பிரித்துக் கட்டுவது), மாதம் மூவாயிரம் பக்கம் வரும் என்று சீனியர் அக்கா ஒருவர் சொன்னார். ஆனால் ரேங்க் லிஸ்ட்டே இன்னும் வரவில்லை, கவுன்சிலிங் அடுத்த மாதம்தான்.

எனக்கு கம்ப்யூட்டர் படிக்கத்தான் ஆசை. எட்டாம் வகுப்பில் பள்ளி லேபில் முதன்முதலில் உட்கார்ந்ததிலிருந்து அதுதான் மனதில் இருக்கிறது. அப்பா வட்டிக்கு வாங்கியாவது 25,000 கட்டிவிடலாம் என்கிறார், அம்மா ஒன்றும் சொல்லாமல் தாலிக்கொடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள், அதைப் பார்க்கவே முடியவில்லை. எந்த உதவித்தொகை நிஜமாகவே கிடைக்கும், எது கிடைக்காமல் போகும், எதை நம்பி முடிவு எடுப்பது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இன்று செவ்வாய். மூன்று நாள்தான் இருக்கிறது.

நெல்லை_மெக்கானிக்கல்:

தங்கச்சி, ஃபர்ஸ்ட் கிராஜுவேட் சர்டிபிகேட் வாங்கிவிடு, எந்தக் காலேஜில் சேர்ந்தாலும் கட்டணம் குறையும். அப்புறம் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் போட்டால் எல்லாமே இலவசம், ஹாஸ்டல் உட்பட. கவலைப்படாதே.

கணக்கு_வாத்தியார்:

மேலே தம்பி நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறார், ஆனால் இரண்டுமே இந்தப் பிள்ளைக்கு அப்படியே பொருந்தாது. இதை நம்பி முடிவெடுத்துவிடக் கூடாது என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

7.5 சதவீதம் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. அரசு உதவி பெறும் பள்ளி அதில் வராது. நான் வேலை பார்ப்பதும் உதவி பெறும் பள்ளிதான், ஒவ்வொரு வருடமும் என் பிள்ளைகளிடம் இதைச் சொல்லும்போது மனசு வலிக்கிறது, ஒரே தெருவில் ஒரே ஏழ்மையில் இருக்கும் இரண்டு பிள்ளைகளில் ஒருவருக்கு டியூஷன், ஹாஸ்டல் எல்லாம் அரசே கட்டுகிறது, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இல்லை. ஆனால் புதுமைப்பெண் திட்டம் உங்களுக்கு உண்டும்மா. 2022 செப்டம்பரில் தொடங்கியபோது அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மட்டும்தான் இருந்தது, 2024 டிசம்பரில் உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் நீட்டித்துவிட்டார்கள். மாதம் 1000 ரூபாய் உங்கள் வங்கிக் கணக்கில் விழும். கணக்கில் ஆதார் இணைத்திருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள், பாதிப் பிள்ளைகளுக்குப் பணம் தாமதமாவது அந்த ஒரு காரணத்தால்தான்.

முதல் பட்டதாரிச் சலுகை கவுன்சிலிங் மூலம் எடுக்கும் சீட்டுக்கு மட்டும். நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கோ மேனேஜ்மெண்ட் சீட்டுக்கோ கிடையாது. குடும்பத்தில் அப்பா வழி, அம்மா வழித் தாத்தா பாட்டி, பெற்றோர், கூடப் பிறந்தவர்கள் யாரும் பட்டதாரியாக இருக்கக் கூடாது. அண்ணன் பாதியில் நின்றார் என்றால் அவர் பட்டதாரி இல்லை, ஆனால் அதை மறைக்காமல் உள்ளபடி எழுதிக் கொடுங்கள், அவர் அந்தச் சலுகையைப் பெற்றிருந்தாரா என்று கேட்பார்கள். ஈ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் தாசில்தார் அலுவலகம் வழியாகத்தான் வரும், அதோடு குடும்பத்தின் உறுதிமொழிப் படிவமும் கவுன்சிலிங் பதிவின்போதே ஏற்ற வேண்டும். எனவே இதை நாளைக்கே ஆரம்பியுங்கள்.

இன்னொன்று. அம்மா பீடி சுற்றுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மாவிடம் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருக்கிறதா? இருந்தால் மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் உதவித்தொகை இருக்கிறது, பி.இ. மாதிரித் தொழிற்படிப்புக்கு வருடம் 25,000. குடும்ப வருமானம் மாதம் 10,000-க்குள் இருக்க வேண்டும், உங்கள் சான்றிதழ்படி 8,000 வருகிறது. தென்காசி, கடையநல்லூர் பக்கம் இதற்குத் தகுதியான எத்தனையோ வீடுகள் விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகின்றன. பெண் பிள்ளை என்பதால் ஏஐசிடிஇ-யின் (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) பிரகதி உதவித்தொகையும் உண்டு, அது வருடம் 50,000, ஆனால் முதலாம் ஆண்டு சேர்ந்த பிறகுதான் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் போட முடியும், மார்க் அடிப்படையில் தேர்வு செய்வார்கள், எல்லாருக்கும் கிடைத்துவிடாது. இரண்டு அரசு உதவித்தொகையை ஒரே சமயத்தில் வாங்கவும் விட மாட்டார்கள். ஆகவே பிரகதியைக் கணக்கில் சேர்க்காதீர்கள், வந்தால் சந்தோஷம்.

ஹாஸ்டல் விஷயம் மறந்துவிட்டேன். பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் நலத் துறை நடத்தும் கல்லூரி மாணவியர் விடுதிகள் இருக்கின்றன, இப்போது சமூகநீதி விடுதி என்று பெயர். தங்குவதும் சாப்பாடும் இலவசம், வருமான வரம்பு இரண்டரை லட்சம். பையன்களுக்கு வீட்டிலிருந்து 8 கிலோமீட்டராவது தூரம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு, மாணவிகளுக்கு அதுவும் இல்லை. இடம் குறைவு, சேர்ந்த கையோடு விண்ணப்பிக்க வேண்டும்.

ஓசூர்_அக்கா:

தங்கச்சி, உன் பதிவைப் படித்துவிட்டு மதியம் சாப்பிடப் பிடிக்கவில்லை. ஆறு வருடத்துக்கு முன்னால் நான் இருந்த இடத்தில் நீ இருக்கிறாய்.

எனக்கும் பாதி ஸ்காலர்ஷிப் என்றுதான் சொன்னார்கள். அப்பா லாரி டிரைவர், கையில் சேர்த்து வைத்திருந்த பணம் முதல் வருடத்துக்குச் சரியாகப் போயிற்று. அந்த ஸ்காலர்ஷிப் தொடர வேண்டுமென்றால் ஒவ்வொரு வருடமும் சிஜிபிஏ (பத்துக்குப் போடும் சராசரி மதிப்பெண்) எட்டுக்கு மேல் இருக்க வேண்டும், ஒரு அரியர்கூட இருக்கக் கூடாது என்ற நிபந்தனை சேர்ந்த பிறகு கையெழுத்து வாங்கிய படிவத்தில் இருந்தது. அன்றைக்கு வரிசையில் பின்னால் ஆட்கள் நின்றார்கள், அப்பாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது, நானும் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். இரண்டாவது செமஸ்டரில் டெங்கு வந்து பதினெட்டு நாள் படுத்துவிட்டேன், கணக்கில் ஒரு அரியர் விழுந்தது, சிஜிபிஏ 7.8. இரண்டாம் வருடம் தொடங்கும்போது முழுக் கட்டணத்துக்குச் செலான் வந்தது. தமிழ் வழியில் படித்துவிட்டு வருகிற பிள்ளைக்கு முதல் வருடம்தான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமான வருடம், பாடம் புரிவதற்குள் பரீட்சை வந்துவிடும், அந்த வருட மார்க்கை வைத்துத்தான் ஸ்காலர்ஷிப்பை நிறுத்துகிறார்கள்.

நடுவில் விட்டுவிட்டு வரவும் முடியவில்லை, அதுவரை கட்டியதெல்லாம் போய்விடும் என்ற பயம். அம்மாவின் நகை போனது, அப்புறம் ஊரில் இருந்த முக்கால் ஏக்கர் போனது. இன்று ஓசூரில் வேலையில் இருக்கிறேன், சம்பளம் பரவாயில்லை, ஆனால் அந்த நிலத்தை என்னால் இன்னும் மீட்க முடியவில்லை.

நீ நன்றாகப் படிக்க மாட்டாய் என்று நான் சொல்லவில்லைம்மா. எனக்கும் பிளஸ் டூவில் 94 சதவீதம். உடம்பு சரியில்லாமல் போவதற்கும் மார்க்குக்கும் சம்பந்தமில்லை. அட்மிஷன் ஆபீசுக்கு ஒரு ஈமெயில் போடு. நான்கு வருடமும் உண்டா, எந்த சிஜிபிஏ, அரியர் விழுந்தால் என்ன, ஒரு முறை நின்றால் மறுபடி தருவார்களா, ஹாஸ்டல் கட்டணம் வருடா வருடம் ஏறுமா என்று எழுத்தில் கேள். பதில் எழுத்தில் வராவிட்டால் அந்த ஸ்காலர்ஷிப் இல்லை என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடு.

பழைய_வங்கிக்காரர்:

முப்பத்தொரு வருடம் வங்கியில் இருந்தேன், அதில் பாதி தென் மாவட்டக் கிளைகளில். கல்விக் கடன் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் சொல்கிறேன்.

முதலில் நீங்கள் கொடுத்த எண்களைக் கூட்டிப் பார்த்தேன். ஸ்காலர்ஷிப் நான்கு வருடமும் வந்தால் டியூஷனும் ஹாஸ்டலும் சேர்ந்து வருடம் இரண்டரை லட்சம், மொத்தம் 10 லட்சம். முதல் வருடத்தோடு நின்றுபோனால் 13 லட்சத்து 60 ஆயிரம். இதில் புத்தகம், லேப்டாப், ஊருக்குப் போய் வருவது எதுவும் இல்லை. வருடம் 96,000 வருமானம் உள்ள வீட்டில் இது கடனாகத்தான் வர வேண்டும், வேறு வழியில்லை.

கல்விக் கடனில் 4 லட்சம் வரை பெற்றோர் கூட்டுக் கையெழுத்து போதும். ஏழரை லட்சம் வரை அரசின் கடன் உத்தரவாத நிதி இருப்பதால் சொத்துப் பிணை கேட்கக் கூடாது. அதற்கு மேல் போனால் கேட்பார்கள். உங்கள் வீடு நத்தம் பட்டாவா, தாத்தா பெயரில் பிரிக்காமல் கிடக்கிறதா என்றெல்லாம் அங்கேதான் சிக்கல் வரும். இன்று முதல் வருடத்துக்குக் கடன் கிடைத்துவிடும், மூன்றாவது வருடம் ஏழரை லட்சத்தைத் தாண்டும்போது பிணை இல்லாமல் நிற்பீர்கள். இப்படி நின்ற குடும்பங்களை என் மேஜைக்கு எதிரில் பார்த்திருக்கிறேன், அவர்களிடம் இல்லை என்று சொன்னதுதான் என் வேலையிலேயே எனக்குப் பிடிக்காத பகுதி.

படிப்புக் காலமும் அதற்கு மேல் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம், ஆனால் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால் அந்தக் காலத்து வட்டியை மத்திய அரசே கட்டும் திட்டம் இருக்கிறது, தொழிற்படிப்பாக இருக்க வேண்டும், நிறுவனத்துக்கு நாக் அல்லது என்பிஏ என்ற தர அங்கீகாரம் வேண்டும். 2024 நவம்பரில் வந்த பிஎம் வித்யாலட்சுமி தனி, அது தரவரிசையை வைத்துத் தேர்ந்தெடுத்த கல்வி நிறுவனங்களின் பட்டியலுக்கு மட்டும், மேனேஜ்மெண்ட் கோட்டாவில் சேர்ந்தால் கிடையாது. எனவே அட்மிஷன் கடிதத்தில் உங்கள் சேர்க்கையை என்னவென்று எழுதுகிறார்கள் என்பதைக் கட்டாயம் பாருங்கள்.

10 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, பத்து வருடம் என்று வைத்தால் மாதத் தவணை சுமார் 13,200. பதினைந்து வருடம் என்றால் 10,700 பக்கம். முதல் வேலையில் இருபதாயிரம் சம்பளம் வாங்கும் பெண்ணுக்கு அது எவ்வளவு பாரம் என்று நீங்களே பாருங்கள். அரசுக் கல்லூரியில் நான்கு வருடத்துக்கு இரண்டு லட்சம் கடன் வாங்கினால்கூட அது தாங்கும் கடன்.

வெள்ளிக்கிழமைப் பணத்தைப் பற்றி: கந்து வட்டிக்கு வாங்கிக் கட்டாதீர்கள். ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் சொல்கிறேன், யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) ஒவ்வொரு கல்வியாண்டிலும் பணம் திருப்பித் தருவதற்கான தேதிகளை அறிவிக்கிறது. 2024-25-இல் செப்டம்பர் 30-க்குள் விலகினால் முழுத் தொகையும், அக்டோபர் 31 வரை அதிகபட்சம் 1000 ரூபாய் மட்டும் பிடித்துக்கொண்டு மீதியும் தர வேண்டும் என்று சொன்னார்கள். ஆனால் பணம் கைக்கு வர அலைய வேண்டியிருக்கும். அசல் சான்றிதழ்களை எக்காரணம் கொண்டும் விட்டுவிட்டு வராதீர்கள், அவற்றை வைத்துக்கொள்ள நிறுவனங்களுக்கு உரிமை இல்லை.

சிஎஸ்இ_தூத்துக்குடி:

எல்லாரும் பணத்தையே பேசுகிறீர்கள், அது சரிதான், ஆனால் அவள் கம்ப்யூட்டர் படிக்க ஆசைப்படுகிறாள் என்பதை ஏன் விட்டுவிடுகிறீர்கள்? பிடிக்காத பாடத்தை நான்கு வருடம் படிப்பதும் செலவுதான். என் வகுப்பில் வீட்டுக்காக சிவில் எடுத்துவிட்டு அழுதுகொண்டே படித்த தோழி இருந்தாள்.

அதனால் இரண்டில் ஒன்று என்று நினைக்காதே. கவுன்சிலிங்கில் எத்தனை விருப்பம் வேண்டுமானாலும் வரிசையாகப் போடலாம். தூத்துக்குடி வ.உ.சி. பொறியியல் கல்லூரி, நாகர்கோவில் பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரி, திருநெல்வேலியில் அண்ணா பல்கலைக்கழக மண்டல வளாகம், போடிநாயக்கனூர் அரசு பொறியியல் கல்லூரி, இங்கெல்லாம் சிஎஸ்இ-க்கு எம்பிசி கட் ஆஃப் எதில் முடிந்தது என்று ஒவ்வொன்றாகப் பார். திருநெல்வேலி அரசுக் கல்லூரியை மட்டும் பார்த்துவிட்டு முடிவு செய்யாதே. அப்புறம் நல்ல தனியார் கல்லூரிகளின் கவுன்சிலிங் சீட் இருக்கிறது, அங்கே டியூஷன் கட்டணத்தை ஓய்வு பெற்ற நீதிபதி தலைமையிலான குழு நிர்ணயிக்கிறது, இந்த நிகர்நிலைக் கட்டணத்தில் பாதிக்கும் கீழே இருக்கும், அதிலும் ஃபர்ஸ்ட் கிராஜுவேட் சலுகை கழியும். ஏஐசிடிஇ கட்டண விலக்கு என்று கல்லூரிகளில் கூடுதலாக 5 சதவீத இடங்கள் உண்டு, வருமானம் எட்டு லட்சத்துக்குள் இருந்தால் கேட்கலாம், பதிவு செய்யும்போதே அதைக் குறிக்க வேண்டும்.

சீட் ஒதுக்கிய பிறகும் கதை முடிந்துவிடாது. கிடைத்ததை ஏற்றுக்கொண்டு மேலே உள்ள விருப்பத்துக்குக் காத்திருக்கிறேன் என்று கொடுக்கலாம், அப்படிக் கொடுத்தால் உதவி மையத்தில் குறித்த நாளுக்குள் பணம் கட்டிவிட வேண்டும், இல்லையென்றால் சீட் போய்விடும். எனக்கு முதலில் ஈசிஈ (எலக்ட்ரானிக்ஸ்) வந்தது, இப்படித்தான் சிஎஸ்இ-க்கு மாறினேன்.

ஈஈஈ-தான் வந்தாலும் பயப்படாதே. எங்கள் கல்லூரிக்கு வந்த சாஃப்ட்வேர் கம்பெனிகள் எல்லா டிபார்ட்மெண்டையும் உட்காரவைத்துத்தான் டெஸ்ட் வைத்தன. தமிழ்நாடு அரசின் ‘நான் முதல்வன்’ திறன் பயிற்சித் திட்டத்தில் கோடிங் கோர்ஸ் கல்லூரியிலேயே நடக்கும். ஆனால் சிவில் மட்டும் உனக்கு நிஜமாகவே பிடித்தால் எடு, கட்டணம் குறைவு என்பதற்காக எடுக்காதே.

பழைய_வங்கிக்காரர்:

தூத்துக்குடிப் பெண் சொல்வது நியாயம். ஆசையை நான் கணக்கில் எடுக்கவில்லை, தப்புதான். இந்தப் பட்டியலில் எதற்குமே ஏழரை லட்சத்தைத் தாண்ட வேண்டியதில்லை, எனவே பிணைப் பிரச்சினையும் வராது. கடன் தேவைப்பட்டால் வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பம் போடுங்கள். கிளையில் வாய்வார்த்தையாக முடியாது என்றால் எழுத்தில் காரணம் கேளுங்கள், மேலதிகாரியின் ஒப்புதல் இல்லாமல் நிராகரிக்கக் கூடாது. மாவட்டத்தில் கல்விக் கடன் முகாம் நடந்தால் அங்கே முன்னோடி வங்கி மேலாளரை நேரில் பார்க்கலாம்.

சங்கரன்கோவில்_பிளஸ்டூ:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, மூன்று தடவை படித்துவிட்டேன், அப்பாவுக்கும் வாசித்துக் காட்டினேன்.

ஓசூர் அக்கா சொன்ன மாதிரி நேற்றே ஈமெயில் போட்டேன். இன்று காலையில் பதில் வந்தது. ஸ்காலர்ஷிப் முதல் வருடத்துக்கு மட்டும் உறுதி, அடுத்தடுத்த வருடங்களுக்கு மார்க்கைப் பொறுத்துப் பரிசீலிக்கப்படும் என்று எழுதியிருக்கிறார்கள். எத்தனை சிஜிபிஏ என்று போடவில்லை. போனில் சொன்னதற்கும் இதற்கும் வித்தியாசத்தைப் பார்த்து அப்பா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. 25,000 கட்டவில்லை. வட்டிக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

அம்மாவிடம் பீடி அட்டை இருக்கிறது, டிரங்குப் பெட்டியில் ரேஷன் கார்டோடு கிடந்தது, போட்டோ மங்கிப் போயிருக்கிறது. அதைப் புதுப்பிக்க எங்கே போக வேண்டும் என்று வாத்தியார் சாருக்குத் தெரியுமா? முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தாயிற்று, அண்ணன் திருப்பூரிலிருந்து அவனுடைய டிசியைப் போட்டோ எடுத்து அனுப்பினான்.

தூத்துக்குடி அக்கா, நீங்கள் சொன்ன நான்கு கல்லூரிகளின் போன வருடக் கட் ஆஃபும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வ.உ.சி.யில் சிஎஸ்இ எனக்கு எல்லைக்கோட்டில் இருக்கும் போலத் தெரிகிறது. அதை முதலில் போட்டு, அப்புறம் மண்டல வளாகம், பிறகு திருநெல்வேலி ஈஈஈ என்று வரிசை வைத்திருக்கிறேன், சிவில் போடவில்லை. இந்த வரிசை சரியா என்று மட்டும் ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள் அக்கா.